மட்டாஞ்சேரி யூதப் பெரியவர்களின் நினைவுநாளை நாம் எப்படி அனுசரிப்பது? (வாப்பாவுக்காகக் கேட்கிறேன்)

கீழக்கரைக்காரன்:

அஸ்ஸலாமு அலைக்கும், மற்றவர்களுக்கு வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வாப்பாவுக்கு 78 வயது. 1965இல், பதினெட்டு வயதில், கீழக்கரையிலிருந்து கொச்சிக்குப் போனவர். மட்டாஞ்சேரி ஜூதத் தெருவில் ஒரு மிளகு மண்டியில் கணக்கு எழுத உட்கார்ந்து 1994 வரை அங்கேயே இருந்துவிட்டார். மண்டிக்கு மேல் மாடியில் யூத அண்ணன் ஒருவரும் அவர் தங்கையும் குடியிருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. சொந்தபந்தம் எல்லாம் ஐம்பதுகளிலேயே இஸ்ரேலுக்குப் போய்விட, இவர்கள் மட்டும் வீட்டையும் ஒரு பூனையையும் விட மனசில்லாமல் தங்கிவிட்டார்கள் என்பது வாப்பா சொல்லும் கணக்கு. பூனை விஷயம் உண்மையா தெரியாது. வாப்பா சில நேரம் சேர்த்துச் சொல்வார்.

அந்த அங்கிள் 1991இல் இறந்தார். வாப்பாவுக்கு இங்கிலீஷ் தேதி நினைவில்லை. நோன்புப் பெருநாளிலிருந்து எண்ணி ஐந்தாம் பிறை, காலையில் மூச்சு நின்றது, சாயங்காலமே அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்று மட்டும் அடித்துச் சொல்கிறார். ஆன்ட்டி அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தார். வாப்பா ஊர் திரும்பிய பின் தெருக்காரர் ஒருவர் போஸ்ட்கார்டு போட்டுத்தான் அவர் மவுத்தும் தெரிந்தது. கார்டு இப்போது இல்லை.

போன மாதம் வாப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் நாலு நாள். அப்போது ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "எனக்கு நீங்க யாசீன் ஓதுவீக, கத்தம் குடுப்பீக, அந்த ரெண்டு பேருக்கும் ஓத யார் இருக்கா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதனால் இரண்டு கேள்விகள். யூதர்களுடைய வழக்கப்படி இறந்தவர்களுக்கு வருட நினைவு எப்படிச் செய்கிறார்கள், அதில் நம்மைப் போல் வெளி ஆட்கள் செய்யக்கூடியது என்ன? இரண்டாவது, வாப்பா நினைவோடு இருக்கும்போதே அவர்களைப் பற்றி எழுதி வைக்க ஆசை. ஒரு பக்கம் எழுதிப் படித்தும் காட்டினேன். 'கொச்சியின் கடைசி யூதர்கள்' என்று ஆரம்பித்து, தொழுகைக்கூடம் 1568இல் கட்டியது, தரையில் பதித்தது சீனாவிலிருந்து வந்த கையால் வரைந்த ஓடு, மேலே தொங்குவது பெல்ஜியம் கண்ணாடி விளக்கு என்றெல்லாம் போட்டிருந்தேன். வாப்பா பாதியிலேயே, "அவுக என்ன பொருட்காட்சியா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா ஒரு வாசகன்:

காஸாவில் தினம் அத்தனை பேர் செத்துக்கொண்டிருக்கும்போது யூதர்களுக்கு நினைவுநாள் கொண்டாட வந்துவிட்டீர்கள், அதுவும் கீழக்கரையிலிருந்து. நல்லா இருக்கு.

கீழக்கரைக்காரன்:

காக்கா, அங்கே சாகிறவர்களுக்காக எங்கள் வீட்டிலும் கையேந்தித்தான் இருக்கிறோம். நான் கேட்பது வாப்பாவுக்கு டைபாய்டு வந்தபோது பதினாறு நாள் கஞ்சிக்கு அரிசியும் காசும் கொடுத்து அனுப்பிய ஒரு பொம்பளையைப் பற்றி. அவர் மட்டாஞ்சேரியை விட்டு எர்ணாகுளத்துக்குப் போனதே குறைவு. வேறு யாராவது பதில் சொல்லுங்கள்.

மண்டபம் கேம்ப்:

தம்பி, உங்கள் பதிவைப் பார்த்ததும் ஐம்பது வருடம் பின்னால் போய்விட்டேன். நான் மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தவன். 1947இல் தொடங்கிய நிலையம், தலைமையகம் எங்கள் மண்டபம் முகாமில்தான் இருந்தது, 1971இல் அதைக் கொச்சிக்கு மாற்றினார்கள். கல்யாணமாகி மூன்று மாதம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்களும் போனோம். மட்டாஞ்சேரிப் பக்கம் வாடகை குறைவு என்று அங்கே வீடு பிடித்தோம்.

பக்கத்துத் தெருவில் ஒரு யூதப் பெரியவர். உங்கள் வாப்பா சொல்லும் அங்கிள்தானா வேறு ஆளா தெரியாது, வேறு ஆளாகத்தான் இருக்கும், இவருக்கு மனைவி இருந்தார். நான் மீன் ஆபீஸ் ஆள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் காலையில் செய்தித்தாளில் சுற்றிய மீனோடு வாசலில் நிற்கிறார். "மிஸ்டர், இதற்குச் செதில் உண்டா?" என்று கேள்வி. அவர்கள் சட்டப்படி துடுப்பும் செதிலும் இரண்டும் இருந்தால்தான் சாப்பிடலாம். இறால், நண்டு, கணவாய் பக்கமே போக மாட்டார்கள். கெளுத்தி கிடையாது. திருக்கை கிடையாது. சுறாவின் தோலைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும், அதுவும் ஒரு வகைச் செதில்தான் என்று நான் விலங்கியல் பேசப்போக, மனிதர் சிரித்தார். விரலால் சுரண்டினால் தோல் கிழியாமல் தனியாக வர வேண்டும், அதுதான் செதில், உங்கள் மைக்ராஸ்கோப் எல்லாம் எங்கள் மதகுரு ரப்பிக்குத் தேவையில்லை என்றார். சுறாப்புட்டில் வளர்ந்த எனக்கு அவர் மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. புதிய மீன் எது வந்தாலும் எனக்குக் காட்டாமல் அவர் வீட்டுச் சட்டியில் விழாது. விளைமீன் என்றால் கேள்வி கேட்க மாட்டார். அந்த அம்மாள் சின்ன வெங்காயத்தைக் கொட்டி வதக்கிச் செய்வார், சுட்டுள்ளி மீன் என்று பெயர். கறியோடு பால், தயிர், நெய் எதுவும் சேரக்கூடாது என்பதால் எல்லாக் கறிக்கும் தேங்காய்ப்பால்தான். தேங்காய் இல்லாத நாட்டு யூதர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு அந்த அம்மாள், "பாவம், கஷ்டப்படுகிறார்கள்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

அவரைப் பற்றி நான் எழுதுவதாக இருந்தால் அந்தச் செய்தித்தாள் பொட்டலத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். தொழுகைக்கூடம் 1568 என்பது பலகையில் எழுதியே இருக்கிறது. அவர் மீன்காரியிடம் எவ்வளவு பேரம் பேசுவார் என்பது எந்தப் பலகையிலும் இல்லை. வாப்பாவிடம் 'அவர்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் ஒன்றும் வராது. என்ன சமைத்தார்கள், சாவியை எங்கே தொங்கவிடுவார்கள், எதற்குக் கோபம் வரும் என்று கேளுங்கள். போனை ஆன் பண்ணிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், நேரே முகத்துக்கு நீட்டாதீர்கள், அப்படி நீட்டினால் என்னாலேயே பேச முடியாது.

தங்கச்சிமடத்துப் பிள்ளை:

தம்பி, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். முதியோர் பராமரிப்பு வேலைக்காக இஸ்ரேலில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவள். அதில் நான்கு வருடம் தெற்கே நெகேவ் பாலைவனத்தில், நெவாத்திம் என்ற ஊரில். அந்த ஊரே கொச்சிக்காரர்கள் போய்க் குடியேறிய ஊர். நான் பார்த்துக்கொண்ட பாட்டிக்கு எபிரேயம் மறந்து மலையாளம் மட்டும் மிச்சம் இருந்தது, பிள்ளைகளுக்கு மலையாளம் வராது, பாம்பன்காரி என் அரைகுறை மலையாளத்தை வைத்துத்தான் அந்த வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் பேசிக்கொண்டார்கள். ராத்திரி தூக்கம் வராவிட்டால் பழைய கல்யாணப் பாட்டு பாடுவார், அவர்கள் சமூகத்துப் பெண்கள் நோட்டில் எழுதி வைத்துத் தலைமுறையாகப் பாடிவந்த மலையாளப் பாட்டுகள். பாடும்போது நடுவில் நிறுத்தி என்னைத் திட்டுவார், கூட வாயசைக்கவில்லை என்று.

அந்தப் பாட்டி என் கையில்தான் இறந்தார். அப்போது பார்த்ததைச் சொல்கிறேன்.

குளிப்பாட்டியது பெண்கள்தான், பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். எளிமையாகத் தைத்த வெள்ளைத் துணி, பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே துணி. பெட்டி இல்லை, துணியோடே மண்ணில் இறக்கினார்கள். முடிந்தால் அன்றே அடக்கம். உங்கள் கபன், ஜனாஸா எல்லாம் நான் பார்த்திருக்கிறேன் என்பதால் எனக்கு அங்கே வித்தியாசமாகவே தெரியவில்லை. எங்கள் சர்ச் வழக்கம்தான் பெட்டி, பூ, பேண்டு என்று தனியாக இருக்கிறது. பிள்ளைகள் சட்டையை நெஞ்சுக்கு மேல் கொஞ்சம் கிழித்துக்கொண்டார்கள். கல்லறையிலிருந்து வந்ததும் முதல் சாப்பாடு துக்க வீட்டுக்காரர் தம் சோற்றைச் சாப்பிடக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவர வேண்டும். அதில் அவித்த முட்டை கட்டாயம் இருக்கும், பருப்பும் வைப்பார்கள், உருண்டையாக இருப்பதால். வாழ்க்கை உருண்டு வரும் சக்கரம் என்று ஒருத்தர் சொன்னார். முட்டைக்கு வாய் கிடையாது, துக்கத்தில் இருப்பவனுக்கும் பேச்சு கிடையாது என்று இன்னொருத்தர். எது சரியோ, அந்த முட்டையை நான்தான் உரித்துக் கொடுத்தேன்.

அப்புறம் ஏழு நாள் வீட்டிலேயே தாழ்வான ஆசனத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடிகளைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். கதவு திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் துக்கக்காரர் வாய் திறக்கும் வரை வந்தவர் பேசக்கூடாது. அந்த வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் ஊரில் வாசலில் நுழையும்போதே "எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி" என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஏழாம் நாளுக்குப் பிறகு முப்பதாம் நாள், அப்புறம் வருட நாள்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. கதீஷ் என்ற ஜெபத்தைப் பற்றித்தான் வாப்பா மனதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது அரமேய மொழியில் உள்ளது, அதில் சாவு என்ற சொல்லே வராது, முழுக்க முழுக்க இறைவனின் புகழ்ச்சி. ஆனால் அதை ஒருவர் தனியாகச் சொல்ல முடியாது, பழைய முறைப்படி பத்து யூத ஆண்கள் கூட வேண்டும். மட்டாஞ்சேரியிலேயே கடைசிக் காலத்தில் அந்தப் பத்துக்கு, வந்துபோகும் பயணிகளை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது. எனவே அதை நீங்கள் சொல்ல முயல வேண்டாம், அது அவர்களுடையது. ஆனால் இறந்தவர் பெயரில் தர்மம் கொடுப்பது அவர்களிடமும் முக்கியமான நினைவுச் செயல். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் ஸெதாக்கா. உங்கள் ஸதகாவேதான், கேட்டாலே தெரிகிறது இல்லையா? அதை வாப்பா கையாலேயே செய்யலாம், துஆவும் கேட்கலாம், ஒருவரும் தடுக்கப்போவதில்லை.

வருட நாளில் 24 மணி நேரம் எரியும் விளக்கு ஏற்றுவார்கள். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் சின்ன டப்பாவில் மெழுகு ஊற்றி விற்கும், ஆத்ம விளக்கு என்று அர்த்தம் வரும் பெயர். எண்ணெய் விளக்கும் போதும். முதல் நாள் சூரியன் விழுந்ததும் ஏற்ற வேண்டும், அவர்களுக்கு நாள் பிறப்பது அந்த நேரம். உங்களுக்கும் மஹ்ரிபோடு தேதி மாறுமே, அதே கணக்கு.

தேதி அவர்கள் காலண்டர்படி வரும். அதுவும் பிறைக் கணக்குத்தான், ஆனால் 19 வருடத்தில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டிப்போட்டுப் பருவத்தோடு சரிக்கட்டிவிடுவார்கள், அதனால் ஹிஜ்ரி மாதிரி வருடம் முழுக்கச் சுற்றிவராது. அங்கிளின் நாளைக் கண்டுபிடிக்கலாம். 1991இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 16 அல்லது 17. ஐந்தாம் பிறை என்றால் 20 அல்லது 21. 20 சனிக்கிழமை. சனிக்கிழமை அவர்கள் அடக்கம் செய்யவே மாட்டார்கள், ஓய்வுநாள். அன்றைக்கே அடக்கம் என்று வாப்பா அடித்துச் சொல்கிறார் என்றால் ஏப்ரல் 21, ஞாயிறு. அவர்கள் கணக்கில் ஐயார் மாதம் 7. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் பாதிக்கும் மே பாதிக்கும் நடுவில் விழும், மாற்றிச் சொல்லும் கணிப்பான்கள் இணையத்தில் உண்டு.

ஆன்ட்டிக்குத் தேதி தெரியவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. இறந்த நாள் தெரியாதவர்களுக்காக இஸ்ரேலில் தேவேத் மாதம் 10ஆம் நாளைப் பொதுவாக வைத்திருக்கிறார்கள், யூதப் படுகொலையில் தேதி தெரியாமல் போனவர்களுக்காக ஏற்படுத்தியது. டிசம்பர் பாதிக்கும் ஜனவரி பாதிக்கும் நடுவில் வரும்.

எப்போதாவது கொச்சி போனால் கல்லறையில் பூ வைக்காதீர்கள். சின்னக் கல் ஒன்று வைத்துவிட்டு வாருங்கள், வந்து போனதற்கு அடையாளம். எங்கள் ஊரில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குச் செவ்வந்தியைக் கொட்டிக் குவிப்போம், மறுநாளே வாடிக் குப்பையாகக் கிடக்கும். கல் அப்படியே இருக்கிறது. கீழக்கரைக் கடற்கரையிலிருந்து கல் எடுத்துப் போங்கள், ஆனால் பவளப்பாறைத் துண்டு மட்டும் வேண்டாம், வனத்துறை பிடித்தால் அங்கிள் வந்து ஜாமீன் கொடுக்க மாட்டார். சனிக்கிழமை போகாதீர்கள். கல்லறைத் தோட்டம் பூட்டியிருக்கும், சாவிக்கு முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

இறந்தவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் 'ஸிக்ரோனோ லிவ்ராகா' என்று சேர்ப்பார்கள், பெண்ணாக இருந்தால் 'ஸிக்ரோனா'. அவர் நினைவு ஆசியாக இருக்கட்டும் என்று பொருள்.

பெரியபட்டினம் ஓடு:

மேலே அக்கா எழுதியதற்குப் பிறகு எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் இந்த இழையில் நம் கரை வராமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

கொச்சிக்குப் போனால்தான் யூதர் என்று நினைக்க வேண்டாம். கீழக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் பெரியபட்டினம் பாண்டியர் காலத்தில் பெரிய துறைமுகம். பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று திருப்புல்லாணிக் கோயில் கல்வெட்டிலேயே வருகிறது. எண்பதுகளில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடு அவ்வளவு கிடைத்தது, என் பெயர்க் காரணமும் அதுதான். எபிரேய எழுத்து வெட்டிய கல்லறைக் கல்லும் இந்த ஊரில் கிடைத்திருக்கிறது. மேற்கு ஆசிய வணிகர்கள், யூதர், முஸ்லிம், சிரியக் கிறிஸ்தவர் எல்லாரும் சேர்ந்திருந்த அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பெயர் தொண்டிப் பக்கம் தீர்த்தாண்டதானம் கல்வெட்டில் இருக்கிறது. கொச்சி யூதர்கள் பொக்கிஷமாக வைத்திருக்கும் செப்பேட்டில், ஜோசப் ரப்பான் என்ற தலைவருக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் கொடுத்ததில், எழுதியிருப்பது வட்டெழுத்து, அதிலும் அதே அஞ்சுவண்ணம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல. கேரளத்துச் சேந்தமங்கலத்தில் யூதத் தொழுகைக்கூடத்தின் முன்னால் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது, சாரா, இஸ்ரவேலின் மகள், 1269. அவ்வளவுதான் தெரியும். அந்த அம்மா என்ன வயதில் இறந்தார், பிள்ளை இருந்ததா, மீன் சாப்பிடுவாரா, ஒன்றும் இல்லை. இன்னொரு சாரா, மட்டாஞ்சேரியில் தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன், 2019 ஆகஸ்டில் 96 வயதில் இறந்தார். 750 வருட இடைவெளி. இவர் தொப்பிக்கும் சபாத் என்ற ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணிக்கும் கையால் எம்பிராய்டரி போட்டார், கணவர் இறந்த பிறகு ஒரு முஸ்லிம் குடும்பம்தான் கடைசி வரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டது, கடையையும் நடத்துகிறது என்று நமக்குத் தெரிகிறது. அது யாரோ உட்கார்ந்து கேட்டு எழுதியதால் தெரிகிறது. 2024 ஆகஸ்டில் மட்டாஞ்சேரி யூதர் குயினி ஹல்லேகுவா 89 வயதில் போனபோது பத்திரிகை எல்லாம் எண்ணிக்கையைத்தான் போட்டது, இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று. உங்கள் வாப்பாவுக்குக் கோபம் வந்தது சரிதான்.

இன்னொன்று. எழுதும்போது எல்லாரையும் தங்கமாக்கிவிடாதீர்கள். அந்தச் சமூகத்துக்குள்ளும் வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்ற பிரிவு இருந்தது. சிலரை அடிமை வழிவந்தவர்கள் என்று ஒதுக்கி, நீங்கள் எழுதிய அந்த 1568 தொழுகைக்கூடத்தில், பரதேசித் தொழுகைக்கூடம் என்பார்கள், உள்ளே சம இடம் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். ஆபிரகாம் பராக் சேலம் என்ற வழக்கறிஞர், 1882இல் பிறந்தவர், அதை எதிர்த்து அங்கேயே சத்தியாகிரகம் செய்தார், யூத காந்தி என்று பெயர். 1967 வரை உயிரோடு இருந்தார், ஆகவே வாப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெருவில் பார்த்திருக்கக்கூட வாய்ப்பு உண்டு, கேளுங்கள். அந்த அண்ணன் தங்கை எந்தப் பக்கத்தவர், அதைப் பற்றி என்ன பேசுவார்கள் என்றும் கேளுங்கள். கொச்சியில் 1912இல் பிறந்த ரூபி டேனியல் இதையெல்லாம் மறைக்காமல்தான் சொன்னார். 1951இல் இஸ்ரேல் போய், கிபுட்ஸ் என்ற கூட்டுப்பண்ணையில் வயதான காலத்தில் ஓர் அமெரிக்க மானுடவியலாளரிடம் சொல்லச் சொல்ல, 1995இல் அது புத்தகமாக வந்தது. கசப்பும் இருந்ததால்தான் அதில் ஆட்கள் உயிரோடு நடமாடுகிறார்கள்.

மண்டபம் கேம்ப்:

அக்கா சொன்ன முட்டை விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மாள் முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து வெளிச்சத்தில் பிடித்து ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். பொட்டு இருந்தால் கீழே கொட்டிவிடுவார். அந்தச் சம்பளத்தில் எனக்கு வயிறு எரியும்.

கீழக்கரைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பதில் போட ஒரு வாரம் ஆகிவிட்டது, காரணம் இருக்கிறது.

அக்கா, ஸிக்ரோனோ என்றதும் வாப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அது நம்ம ஸிக்ருதானே" என்றார். நினைப்பதற்கும் இறைவனை நினைவுகூர்வதற்கும் ஒரே வேர் என்று மத்ரஸாவில் படித்தது இன்றைக்குத்தான் பிரயோசனமானது. ஐயார் 7 என்று டைரியில் எழுதிக்கொண்டார். ஸதகா யாருக்கு என்பதையும் முடிவு செய்துவிட்டார், அதை இங்கே சொல்லக்கூடாதாம்.

மண்டபம் ஐயா சொன்னபடி போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையலைப் பற்றிக் கேட்டேன். மூன்று மணி நேரம். எங்கள் உம்மா செய்யும் வட்டலப்பம் ஆன்ட்டிக்கு உயிராம், ஆனால் நம் வீட்டுச் சட்டியில் செய்ததைத் தொட மாட்டார். அதனால் வாப்பா ஊருக்கு வந்து திரும்பும்போது உம்மாவிடம் அளவு கேட்டு எழுதிக்கொண்டு போவார், முட்டையும் தேங்காயும் வாங்கிக் கொடுப்பார், ஆன்ட்டி தன் சட்டியில் அவித்து, சரியாக வரவில்லை என்று வாப்பாவையே திட்டுவார். அங்கிள் வெள்ளிக்கிழமை மத்தியானம் வாப்பா ஜும்ஆ முடிந்து வருவதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்வார். சேலம் வக்கீலைப் பார்த்தீர்களா என்று கேட்டேன், கோட்டு போட்ட ஒரு கிழவனார் போவார், அவரா என்று திருப்பிக் கேட்டார். 1968இல் தொழுகைக்கூடத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்த அன்றைக்கு மண்டியை மூடிவிட்டதால் அரை நாள் சம்பளம் பிடித்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அப்புறம் அக்காவின் பதிலை முழுசாகப் படித்துக் காட்டினேன். முதல் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொடுக்க வேண்டும், அவித்த முட்டை என்று வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

அங்கிளை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று இருட்டின பிறகு ஆன்ட்டி மேலே கூப்பிட்டாராம். மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அடுப்பைக் காட்டி, அந்தச் சட்டியில் முட்டை அவித்துக் கொடு என்றாராம். அண்ணனை மண்ணில் வைத்துவிட்டு வந்த கையோடு இப்படி முட்டை கேட்கிறாரே என்று வாப்பாவுக்கு அருவருப்பாகிவிட்டது. யாரிடமும் சொன்னதில்லை, உம்மாவிடம்கூட. அதற்குப் பிறகு மூன்று வருடம் அங்கே இருந்தும் மாடிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாராம்.

"ரெண்டு அவிச்சேன்," என்றார். "ஒண்ணை உரிச்சு எனக்கு நீட்டுனாக. நான் வாங்கல."